ஒற்றை ஆள், ஒற்றைப் பை, ஐஸ்லாந்துக் குளிர்

ரெய்க்யவிக் நகரத்துக் கடைத்தெருவில் ஒரு கிண்ணம் சூப்பும் இரண்டு துண்டு ரொட்டியும் சாப்பிட்டால் பில் சுமார் 2,500 குரோனா. ரூபாயில் ஏறக்குறைய 1,700. மும்பையிலோ டில்லியிலோ மெஸ்ஸில் சாப்பிடும் ஒரு குமாஸ்தா அந்தப் பணத்தில் பதினைந்து நாள் மதியச் சாப்பாட்டை முடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஊருக்கு, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தோடு ஒருவர் தனியாகப் போய் வர முடியுமா? அதுவும் குளிர்காலத்தில்?

முடியும். போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்குத் தெரிந்து போகவேண்டும். எங்கே காசைப் பிடிப்பது, எங்கே காசைப் பார்க்கக் கூடாது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது தெரியாதவர் பணத்தை இழப்பார். இரண்டாவது தெரியாதவர் உயிரையே இழக்க நேரிடலாம்.

ஐஸ்லாந்து அட்லாண்டிக் கடலின் வட கோடியில் உள்ள தீவு. பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோ மீட்டர். மக்கள்தொகையோ 4 லட்சத்துக்கும் குறைவு. அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட தலைநகரான ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் மலை, பனிப்பாறை, எரிமலைக் குழம்பு உறைந்த கருங்காடு.

ஏன் இந்த விலை?

மீனும் ஆட்டிறைச்சியும் பாலும் உள்நாட்டில் கிடைக்கின்றன. அரிசி, கோதுமை, சர்க்கரை, துணி, வண்டி, பெட்ரோல் எல்லாம் கப்பலில் வரவேண்டும். விற்பனை வரி 24 சதவீதம். உணவுக்கும் தங்கும் அறைக்கும் 11 சதவீதம்.

இன்னொரு காரணம், கூலி. சட்டம் போட்டு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் அங்கே கிடையாது. தொழிற்சங்கங்கள் பேசி முடிக்கும் ஒப்பந்தமே சட்டம் போல. தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சங்கம் பேசி வாங்கிய சம்பளம் உண்டு. சூப்பின் விலையில் அந்தச் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அங்கே 'டிப்ஸ்' வைக்கும் வழக்கம் இல்லை. வைக்காமல் எழுந்து போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிக்கனமாகப் போகிறவருக்கு இது முதல் ஆறுதல்.

எப்போதுமே இவ்வளவு விலை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2008 அக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. குரோனாவின் மதிப்பு ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. சர்வதேச நிதி நிறுவனத்திடம் கடன் வாங்க நேர்ந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஐஸ்லாந்து திடீரென்று மலிவாகிவிட்டது. 2010 ஏப்ரலில், பெயரை உச்சரிப்பதே கடினமான ஓர் எரிமலை வெடித்து, சாம்பலால் ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் பல நாட்கள் தரையில் நிறுத்தியது. உலகம் முழுவதும் அந்தத் தீவின் படங்களைப் பார்த்தது.

பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. 2010இல் வந்த பயணிகள் 5 லட்சத்துக்கும் குறைவு. 2018இல் வந்தவர்கள் சுமார் 23 லட்சம். குரோனாவும் தலைநிமிர்ந்தது, விலையும் ஏறியது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு குரோனா முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

எந்த மாதம் நல்லது?

ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றும் கூட்டக் காலம். படுக்கை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் விலை உச்சத்தில் இருக்கும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை கூட்டம் குறையும், வாடகையும் இறங்கும். ஆனால் கிறிஸ்துமசிலிருந்து புத்தாண்டு வரை உள்ள வாரத்தைத் தவிர்க்க வேண்டும். வாணவேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தால் விலை மீண்டும் ஏறிவிடும்.

டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில் ரெய்க்யவிக்கில் சூரியன் காலை 11.20க்கு மேல்தான் எழும். மாலை மூன்றரைக்கு மறைந்துவிடும். பகல் என்பது நாலு மணி நேரச் சமாசாரம். பிப்ரவரிக் கடைசியில் அது பத்து மணி நேரமாகும். மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமம். ஆகவே விலையும் குறைவாக இருந்து, வெளிச்சமும் வேண்டும் என்பவருக்கு ஏற்றது பிப்ரவரிப் பிற்பாதியும் மார்ச்சும்தான்.

'குளிரைத் தாங்க முடியுமா?' என்பதுதான் பலருடைய பயம். ஜனவரியில் ரெய்க்யவிக்கின் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அந்தத் தீவைக் காப்பாற்றுகிறது. டில்லியில் நாலு டிகிரியில் அதிகாலை ஷிப்டுக்குப் போனவருக்கு இந்த எண் புதிதல்ல. புதிது, காற்று. அதைப் பற்றிப் பின்னால்.

விசாவும் டிக்கெட்டும்

ஐஸ்லாந்து 2001 முதல் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. எனவே வேண்டியது ஷெங்கன் விசா. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல.

தனியாகப் போகிறவர் காட்டவேண்டியது இரண்டு. அங்கே செலவழிக்கப் பணம் இருக்கிறது என்பது ஒன்று. வேலையும் வீடும் இங்கே இருக்கின்றன, திரும்பி வந்துவிடுவார் என்பது மற்றது. வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகம் விடுமுறை அனுமதித்த கடிதம் ஆகியவை ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கவேண்டும். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் திடீரென்று பெருந்தொகையைப் போட்டால், அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். மாதாமாதம் சிறுகச் சிறுக ஏறிய கணக்கே நல்ல சாட்சி.

மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்திருக்க வேண்டும். இது விசாவுக்கான சம்பிரதாயம் என்று நினைத்து மிக மலிவான பாலிசியைத் தேடுகிறவர்கள் உண்டு. பனியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டால்தான் அதன் அருமை தெரியும்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஐரோப்பாவில் ஓர் ஊரில் மாறவேண்டும். 2018 டிசம்பரில் டில்லிக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே மலிவுக் கட்டணத்தில் ஒரு நேரடி விமானம் தொடங்கியது. அடுத்த மாதமே அது நின்றது. 2019 மார்ச்சில் அந்த நிறுவனமே மூடப்பட்டுப் பயணிகள் நடுவழியில் தவித்தார்கள். மலிவு டிக்கெட் வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாத கதை இது. மாறிச் செல்லும் இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் நஷ்டம் பயணியின் தலையில்.

படுக்கையும் பாத்திரமும்

விமான நிலையம் இருப்பது கெப்லவிக்கில். ரெய்க்யவிக்கிலிருந்து ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். டாக்சி பிடித்தால் அன்றைய பட்ஜெட் அங்கேயே தீர்ந்துவிடும். பஸ் இருக்கிறது.

தங்குவதற்குப் பலர் சேர்ந்து படுக்கும் ஹாஸ்டல். ஓர் அறையில் நாலு முதல் பத்துக் கட்டில். குளிர்காலத்தில் ஒரு கட்டிலுக்குச் சுமார் 6,000 முதல் 8,000 குரோனா வரை கேட்பார்கள். வேலை தேடிப் பெருநகரத்துக்கு வந்த புதிதில் ஒரே அறையில் ஆறு பேரோடு பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இது பழகிய வாழ்க்கைதான். பெட்டிக்குப் பூட்டு மட்டும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும்.

ஹாஸ்டலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: சமையலறை உண்டா? உண்டென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுப்பு, பாத்திரம், தட்டு எல்லாம் இருக்கும். பல ஹாஸ்டல்களில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் மீந்துபோன அரிசி, உப்பு, எண்ணெய், மாக்கரோனி ஆகியவற்றை ஒரு தட்டில் விட்டுப் போவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சமைக்கலாம்.

மளிகைக்குப் 'போனஸ்' என்ற கடை. மஞ்சள் பலகையில் இளஞ்சிவப்புப் பன்றி உண்டியல் படம் போட்டிருக்கும். 'குரோனன்' என்பது மற்றொன்று. ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, 'ஸ்கீர்' என்ற கெட்டித் தயிர் போன்ற பால் பண்டம் ஆகியவற்றை வாங்கினால் நாளொன்றுக்கு 2,500 முதல் 3,000 குரோனாவுக்குள் மூன்று வேளையும் முடியும். ஸ்கீரில் உப்புப் போட்டுச் சோற்றில் பிசைந்தால் தயிர்ச்சோற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பருப்புப் பொடி, அவல், வறுத்த ரவை, ஊறுகாய் ஆகியவற்றைக் கொஞ்சம் கொண்டுபோகலாம். இறைச்சிக்கும் பால் பொருள்களுக்கும் சுங்கத்தில் கட்டுப்பாடு உண்டு. பால்கோவாவையும் நெய் டப்பாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண்செலவு. குழாயில் வரும் குளிர்ந்த நீர் நிலத்தடி ஊற்று நீர், அப்படியே குடிக்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் கந்தக நாற்றம் அடிக்கும். பயப்படவேண்டாம். பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரின் வாசனை அது. சமையலுக்குக் குளிர்ந்த நீரைப் பிடித்துக் காய்ச்ச வேண்டும்.

ஊரில் பயன்படும் உருண்டை முனை கொண்ட இரண்டு பின் பிளக் அங்கேயும் பொருந்தும். மூன்று பின் பொருந்தாது.

வண்ணாத்திகள் நடந்த வீதி

ரெய்க்யவிக்கின் முக்கியக் கடைத்தெருவுக்கு லோய்கவேகூர் என்று பெயர். இன்று அங்கே விலை உயர்ந்த கம்பளிக் கடைகளும் ஓட்டல்களும் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பெயரின் பொருள் 'வெந்நீர் ஊற்றுக்குப் போகும் பாதை' என்பதுதான்.

ஊருக்குக் கிழக்கே மூன்று கிலோ மீட்டர் தூரத்தில் வெந்நீர் ஊற்று. ஊரிலிருந்த பெண்கள், பெரும்பாலும் வேலைக்காரப் பெண்கள், அழுக்குத் துணி, வாளி, துவைக்கும் பலகை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு பனியிலும் மழையிலும் இந்த வழியே நடந்தார்கள். துவைத்த ஈரத் துணியைச் சுமந்து திரும்பினார்கள். கொதிநீரில் தவறி விழுந்து வெந்து இறந்தவர்களும் உண்டு. பிறகுதான் ஊற்றின் மேல் இரும்பு வளைவுகள் போட்டார்கள். அவற்றை இன்றும் பார்க்கலாம். கட்டணம் இல்லை.

1930இல் அதே இடத்திலிருந்து குழாய் போட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கும், மருத்துவமனைக்கும், சில பத்து வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுவந்தார்கள். இன்று நாட்டின் வீடுகளில் பத்தில் ஒன்பது பங்கு பூமியின் சூட்டினாலேயே கதகதப்பாக இருக்கின்றன. வெளியே பனி கொட்டினாலும் ஹாஸ்டல் அறைக்குள் அரைக்கைச் சட்டை போதும்.

வெந்நீர்த் தொட்டி

பணக்காரப் பயணிகள் 'நீல ஏரி' என்ற வெந்நீர்க் குளத்துக்குப் போகிறார்கள். பக்கத்திலுள்ள மின் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரால் 1976 வாக்கில் உண்டானது அது. நுழைவுக் கட்டணம் 10,000 குரோனாவைத் தாண்டும். தவிர, அந்தப் பகுதியில் 2023 டிசம்பர் முதல் எரிமலைப் பிளவுகள் பலமுறை வெடித்திருக்கின்றன. அருகிலுள்ள கிரிண்டவிக் என்ற ஊரையே 2023 நவம்பர் 10ஆம் தேதி இரவோடிரவாகக் காலி செய்தார்கள்.

உள்ளூர் மக்கள் போவது நகராட்சி நீச்சல் குளத்துக்கு. கட்டணம் சுமார் 1,400 குரோனா. ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்று உண்டு. திறந்த வெளியில், தலையில் பனி விழுந்துகொண்டிருக்க, கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருப்பார்கள். 38 டிகிரி, 40 டிகிரி, 42 டிகிரி என்று தொட்டிக்குத் தொட்டி சூடு ஏறும். நகரத்தின் நடுவிலுள்ள சுந்தோட்லின் குளம் 1937இல் திறந்தது. லோய்கார்தால் குளம் 1968இல் திறந்தது, நாட்டிலேயே பெரியது. துணி துவைத்த பழைய ஊற்று அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மீன்பிடிக்கப் போனவர்கள் கரைக்குப் பக்கத்திலேயே நீந்தத் தெரியாமல் மூழ்கிய நாடு அது. அதனால் 1940இல் பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயமாக்கினார்கள். இன்று தாத்தா முதல் பேரன் வரை குளத்துக்கு வருவது அந்தப் பழக்கத்தால்தான்.

ஒரு விதி மட்டும் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். குளத்தில் இறங்குமுன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளித்தே தீரவேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைதான் என்றாலும், அறைக்குள் மறைப்புக் குறைவு. நீரில் குளோரின் குறைவாகக் கலப்பதால் இந்தக் கண்டிப்பு. கூச்சப்பட்டு உடையோடு நனைந்துவிட்டு நழுவப் பார்த்தால் ஊழியர் திருப்பி அனுப்பிவிடுவார். முதல் நாள்தான் சங்கடம்; அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

காசில்லாத காட்சிகள்

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை வானத்தில் வடதுருவ ஒளி தெரியும். சூரியனிலிருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் பச்சையும் சிவப்புமாக ஒளித்திரை ஆடுகிறது. கோடைகாலப் பயணி எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இதைப் பார்க்க முடியாது. அங்கே கோடையில் இருட்டே கிடையாது.

இதைக் காட்டுவதாக அழைத்துச் செல்லும் பஸ்கள் உண்டு. வானிலைத் துறை தினமும் ஒளியின் வலுவைப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் போட்டு, மேகம் எங்கே இல்லை என்பதையும் படத்தில் காட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நகரத்தின் மேற்கு முனையிலுள்ள குரோட்டா கலங்கரை விளக்கப் பக்கம் போய் நிற்கலாம். ஒன்று கவனம்: கலங்கரை விளக்கம் இருப்பது ஒரு சிறு திட்டில். கடல் வற்றும்போது வழி தெரியும், ஏறும்போது மூடிக்கொள்ளும். ஒளியைப் பார்க்கக் கரையே போதும்.

ஹால்கிரிம்ஸ் தேவாலயம் 74 மீட்டருக்கு மேல் உயரம். 1945இல் கட்டத் தொடங்கி 1986இல் முடித்தார்கள். கோபுரத்தில் ஏறத்தான் கட்டணம். துறைமுகத்தில் ஹார்பா என்ற கண்ணாடிச் சங்கீத மண்டபம் இருக்கிறது. 2008இல் வங்கிகள் கவிழ்ந்தபோது பாதிக் கட்டடமாக நின்றது. இடிப்பதா, முடிப்பதா என்ற வாதத்துக்குப் பிறகு பொதுப்பணத்தில் முடித்து 2011இல் திறந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்து கடலைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. ஊர் நடுவே ஒரு ஏரி. குளிரில் அது உறைந்தாலும் ஒரு மூலையில் வெந்நீர் விட்டு, வாத்துகளுக்காக உறையாமல் வைத்திருக்கிறார்கள்.

வெளியூர்க் காட்சிகளுக்கு ஒரு நாள் சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். கி.பி. 930இல் நாட்டின் சபை கூடிய திங்வெட்லிர் பள்ளத்தாக்கு, சில நிமிடத்துக்கு ஒருமுறை கொதிநீரை வானத்தில் பீய்ச்சும் ஸ்ட்ரோக்கூர் ஊற்று, இரண்டு படிகளாக 32 மீட்டர் விழும் குல்ஃபோஸ் அருவி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். கட்டணம் 10,000 குரோனாவை ஒட்டி இருக்கும். இந்தக் காசு வீணல்ல.

கட்டில், மளிகை, குளம், டவுன் பஸ் எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 12,000 குரோனா. ரூபாயில் எட்டாயிரத்தைச் சுற்றி. ஏழு நாளுக்கு 56,000 ரூபாய். இரண்டு நாள் சுற்றுலா பஸ்ஸைச் சேர்த்தால் எழுபதாயிரம். விமானமும் விசாவும் இன்ஷூரன்ஸும் தனி. சாராயப் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு உதவாது. பீர் விற்பனையே 1989 மார்ச் முதல் தேதி வரை தடைசெய்யப்பட்டிருந்த நாடு அது. இன்றும் வரி கடுமை.

எங்கே காசைப் பார்க்கக் கூடாது?

இனி, முன்பு சொன்ன காற்று.

ஐஸ்லாந்தில் காற்றின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோ மீட்டர் என்று சொல்வதில்லை. நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்கிறார்கள். 'காற்று 20' என்று படித்துவிட்டு, 'இருபதுதானே' என்று கிளம்பினால் ஆபத்து. நொடிக்கு 20 மீட்டர் என்றால் மணிக்கு 72 கிலோ மீட்டர். தரை முழுதும் பனிக்கட்டி. எதிரே அந்தக் காற்று. நின்றபடியே ஆள் சறுக்கிக்கொண்டு போவார். நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் கீலோடு பிய்த்துக்கொண்டு போகும். வாடகைக் காருக்கு எடுக்கும் இன்ஷூரன்சில் பெரும்பாலும் இந்தச் சேதம் அடங்காது.

பஸ்ஸைவிடக் கார் சௌகரியம் என்று வாடகைக்கு எடுக்கிறார்கள். தீவைச் சுற்றும் 1,300 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட சாலை 1974இல் முழுமை பெற்றது. கோடையில் அருமையான சாலை. குளிர்காலத்தில் கண்ணாடி போல் உறைந்திருக்கும். பாலங்கள் பலவும் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். போக்குவரத்தோ வலப்பக்கம். பனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர், அதிலும் பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லாதவர், அங்கே முதல் பாடம் கற்கக் கூடாது. அனுபவமுள்ள ஓட்டுநரின் பஸ் டிக்கெட், விலையைப் பார்க்காமல் வாங்கவேண்டிய பொருள்.

தென்கரையில் விக் என்ற ஊருக்கு அருகே ரெய்னிஸ்ஃப்யாரா கடற்கரை. கருமணல், தூண் தூணாகக் கரும்பாறை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் சின்ன அலைகள் பலவற்றுக்குப் பிறகு, எதிர்பாராமல் ஒரு பெரிய அலை கரையில் வெகுதூரம் ஏறிவரும். புறமுதுகு காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இழுபட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குளிர்ந்த நீரில் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. 2022இல் எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள். அதன் பிறகும், 2025 ஆகஸ்டில் ஒரு சிறுமியின் உயிர் போயிற்று. கூட வந்தவர்கள் இருந்தாலே இப்படி என்றால், தனியாக வந்தவர் போன செய்தி தெரியவே நேரமாகும்.

உடுப்பிலும் சிக்கனம் கூடாது. பருத்தியும் ஜீன்சும் நனைந்தால் காயாது. உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு. குடை உதவாது, ஒரு நிமிடத்தில் எலும்புக்கூடாகிவிடும். பூட்சுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை ஒன்று வாங்கினால் நடைபாதைப் பனியில் கால் நிற்கும். ஸ்வெட்டரைப் புதிதாக வாங்கவேண்டியதில்லை. லோய்கவேகூர் தெருவில் செஞ்சிலுவைச் சங்கம் பழைய துணிக்கடை நடத்துகிறது. உள்ளூர்ப் பாட்டிமார் பின்னிய கம்பளிச் சட்டை அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஆரஞ்சு என்றால் அறையிலேயே இருப்பது அறிவு. சாலை மூடப்படலாம், விமானம் நிற்கலாம். அதற்காகவே கடைசி ஒரு நாளை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். சுற்றுலாவுக்குக் கட்டிய காசு போகிறதே என்று எச்சரிக்கையை மீறிப் போகிறவர்களைத் தேடித்தான் மீட்புப் படையினர் அலைகிறார்கள். அவர்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள் அல்லர். தச்சர், ஆசிரியர், மீனவர் என்று தங்கள் வேலையை விட்டு ஓடிவரும் தொண்டர்கள். புத்தாண்டுக்கு வாணவெடி விற்றுச் செலவுக்குப் பணம் திரட்டுகிறார்கள். காப்பாற்றியதற்குக் காசு வாங்குவதில்லை. அவசர எண் 112. வெளியூர் போகுமுன், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதை ஹாஸ்டலில் சொல்லிவிட்டுப் போவது தனிப்பயணி தவறாமல் செய்யவேண்டிய காரியம்.

தனிமை

உலக அமைதிப் பட்டியலில் ஐஸ்லாந்து 2008 முதல் முதலிடத்தில் இருக்கிறது. ரோந்துப் போலீசார் வழக்கமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. 1980இலேயே ஒரு பெண்ணை, விக்டிஸ் ஃபின்போகதோத்திரை, மக்கள் வாக்களித்து ஜனாதிபதியாக்கிய நாடு. தனியாகப் போகும் பெண்களும் இரவில் டவுன் பஸ்ஸில் திரும்புகிறார்கள்.

திருடனுக்குப் பயப்படவேண்டாம். ஆனால் மாலை நாலு மணிக்கே இருட்டி, பேச ஆளின்றி, ஜன்னலில் காற்று அலறும்போது ஒருவித ஏக்கம் வரும். ஊரில் மணி ஒன்பதரை ஆகியிருக்கும். வீட்டில் படுக்கை விரித்திருப்பார்கள். பணத்தைக் கணக்குப் பார்த்த பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ட மருந்து வெந்நீர்த் தொட்டிதான். அங்கே உட்கார்ந்திருப்பவர் மந்திரியா, மீன் பிடிப்பவரா என்று தெரியாது. மீன் விலையும் வீட்டு வாடகையும் அரசியலும் பேச்சாக ஓடும். புதியவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த ஊர், அங்கே வெயில் எப்படி என்று கேள்விகள் வரும்.

வடமேற்கே ஈசாஃப்யோர்துர் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. சுற்றிலும் உயர்ந்த மலை. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் மலைக்கு மேல் எழுவதே இல்லை. ஜனவரி 25 வாக்கில் முதல் வெயில் 'சூரியத் தெரு' என்று பெயர் வைத்த வீதியில் வந்து விழும். அன்று வீட்டுக்கு வீடு பான்கேக் சுடுகிறார்கள். 'சூரியன் காப்பி' என்று சொல்லி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிறார்கள். அந்த வேளையில் வாசலில் வந்து நிற்கும் வெளியூர்க்காரருக்கும் ஒரு கோப்பை உண்டு.